கையுறை மாற்றப் போனவன்

கபாசோ மறுபடியும் கையுறை மாற்றப் போனான். சாரத்தின் மேல் நின்று அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்த ஜெரேவுக்கு வயிறு எரிந்தது.

கையுறையாம் கையுறை. அவன் கையில் கிடந்தது போன மழைக்காலத்தில் வாங்கிய அதே கிழிசல். அந்தக் கட்டடத்தில் ஒருவன் 'கையுறை மாத்தப் போறேன்' என்றால், ஸ்டோர்க்காரி நோசிக்குவிடம் மனம் விட்டுப் பேசப் போகிறான் என்று அர்த்தம். போன வருஷம் கம்பெனியின் வேறொரு கட்டடத்தில் ஒரு பெயின்டர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். அதற்கப்புறம் லுசாகா நகரத்தில் அவர்கள் கட்டும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஆளைப் பொறுக்கியெடுத்து, அடுத்தவர் கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்கப் பயிற்சி கொடுத்தார்கள். இங்கே நோசிக்கு. ஸ்டோருக்கு எல்லோரும் எதற்காவது போவதுதானே, யாருக்கும் தெரியாது என்று நினைத்தார்கள். ஒரே வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துபோனது.

கம்பி கட்டுகிறவன் போகட்டும், வெல்டர் போகட்டும். கபாசோ ஏன் போகவேண்டும்? ஒன்பது வருஷமாகக் கொத்தனார்களாக ஒரே மட்ட நூலின் இரண்டு முனையில் நின்று கல் வைத்தவர்கள் இருவரும். கபாசோ பெம்பா இனம், ஜெரே ங்கோனி இனம். அந்தக் காலத்தில் வெட்டிக்கொண்டு பிறகு முறை மச்சான் ஆகிப்போன கூட்டங்கள். குரங்கு தின்னி, எலி தின்னி என்று எதைச் சொல்லி வைதாலும் மச்சான் கோபித்துக்கொள்ளக் கூடாது, சாவு வீட்டில்கூட. கபாசோவின் அப்பாவைப் புதைத்த அன்று குழிக்குள் இறங்கிப் படுத்து, பீர் வாங்கித் தந்தால்தான் எழுந்திருப்பேன் என்று அடம்பிடித்தவன் ஜெரே. அழுதுகொண்டிருந்த கபாசோ சிரித்துவிட்டான். அப்படிப்பட்ட மச்சான் குத்துக்கல்லாக இங்கே இருக்க, நேற்று வந்த நோசிக்குவிடம், வேறு இனத்து லோசிக்காரியிடம், என்ன பேச்சு?

கபாசோ திரும்பி வந்தான். முகம் தெளிந்திருந்தது. அதுதான் ஜெரேவுக்குப் பொறுக்கவில்லை. இந்த முகத்தைத் தெளியவைப்பது தன் வேலை, தன் ஒருவனுடைய வேலை.

"புதுக் கையுறை எங்கடா, குரங்கு தின்னி?"

"உன் அளவுதான் இருந்துச்சாம். எலி புடிக்கிற கைக்குத் தச்சது."

மற்ற நாளாக இருந்தால் ஜெரே விழுந்து விழுந்து சிரித்திருப்பான். இன்று கொத்துக் கரண்டியை வைத்துவிட்டு நேராக ஸ்டோருக்குப் போனான். நோசிக்கு ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தாள்.

"கபாசோ என்ன சொன்னான்? என்னப் பத்தித்தானே?"

"அண்ணே, உங்க கைக்கு எட்டா, ஒன்பதா?"

"நான் கையுறைக்கு வரல."

"அப்ப என்னை ஆணி நிறுக்க விடுங்க. உங்களுக்குன்னு எப்பவாச்சும் வேணும்னா வாங்க. இன்னொருத்தர் பேர்ல இங்க எதுவும் குடுக்கறதில்ல."

அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். மச்சானைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாது. அந்த நினைப்பு வந்த பிறகு ஜெரே வைத்த கல் எதுவும் நேராக உட்காரவில்லை.

மதியம் நிஷிமா சோளக்களியும் கபெண்டாப் பொடிக் கருவாடும் எதிரே இருக்க, அவனால் அடக்க முடியவில்லை.

"அந்த லோசிக்காரிக்கும் உனக்கும் என்னடா? ஊரே சிரிக்குது."

பச்சைப் பொய். யாரும் சிரிக்கவில்லை. உருட்டிய நிஷிமா கபாசோவின் கையிலேயே நின்றது.

"விட்ரு மச்சான்."

"விட மாட்டேன். அவ உனக்கு யாரு, நான் உனக்கு யாரு? எனக்குத் தெரிஞ்சாகணும்."

கபாசோ தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "செத்துப் போயிடலாம்னு இருந்தேன். ரெண்டு மாசமா. காரணம் கேக்காத, எனக்கே தெரியல. நோசிக்குதான் கண்டுபுடிச்சா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. மாத்திரை சாப்பிடறேன். இப்பக் கொஞ்சம் தேவல."

 ஜெரேவின் வாயில் முதலில் வந்தது பொறாமைதான்.

"அவகிட்ட சொல்லத் தெரிஞ்சுது. எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"வீட்டுல போய்ப் பாரு. நான் குளிக்கப் போனா எம் பொண்டாட்டி கதவுக்கு வெளியில நிக்கறா. அண்ணன் காலையும் சாயங்காலமும் போன் பண்றான். பிள்ளைங்ககூட மெதுவாப் பேசுது. சீக்காளிய வச்சுக்கிட்டிருக்கற வீடு மாதிரி ஆயிடுச்சு. என்னை வையறதுக்கு உலகத்துலயே நீ ஒருத்தன்தான் மிச்சம். காலையில எந்திரிக்கப் பிடிக்காது. எலி தின்னி இன்னிக்கு என்ன சொல்லி வைவான்னு நெனச்சுக்குவேன். அப்பறம்தான் பஸ் ஏறுவேன். அதைக் கெடுத்துக்க வேணாம்னுதான் சொல்லல."

ஜெரேவுக்கு ஒரு கணம் வெட்கங்கெட்ட சந்தோஷம் பொங்கியது. ஸ்டோர்க்காரிக்குக் கிடைக்காத இடம் இது. இவனைக் காலையில் எழுப்புவது அவளில்லை, நான். தன் பங்குக் கருவாட்டை அள்ளி மச்சான் தட்டில் வைத்தான். கபாசோ அதையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். ஒன்பது வருஷத்தில் ஜெரே அவன் தட்டிலிருந்து திருடியிருக்கிறானே தவிர வைத்ததில்லை.

கழுவிய கையோடு இருவரும் சாரத்தில் ஏறினார்கள். கபாசோ தன் முனைக்குப் போய் நின்று நூலை இழுத்துக் கட்டினான். வேண்டுமென்றே ஒரு கல்லைக் கோணலாக வைத்தான்.

"ம், ஆரம்பி. கண்ணு அவிஞ்சு போச்சான்னு கேளு. எங்க பாட்டன் உங்காளுங்களப் பாத்து ஓடுன கதையச் சொல்லு."

ஜெரே வாயைத் திறந்தான். வசவுக்கு என்ன பஞ்சம், நாக்கு நுனியில் நூறு இருந்தது. ஆனால் கண் கபாசோவின் காலுக்குப் போனது. காலிலிருந்து பலகையின் விளிம்புக்கு. அங்கிருந்து கீழே. காலையில் இதே இடத்தில் நின்று ஒன்றும் தெரியாமல் வைதுகொண்டிருந்த அந்தப் பழைய ஜெரேவின் மேல் இந்த ஜெரேவுக்குப் பொறாமையாக இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு மச்சான்," என்றான். "நீ கொஞ்சம் உள்ள தள்ளி நில்லு."

கபாசோ கரண்டியைக் கலவையில் செருகிவிட்டு அவனைப் பார்த்தான்.

"எம் பொண்டாட்டியும் இப்படித்தான் சொல்லுவா."