ஆராய்ச்சிக்கு எடுத்த கைபேசி

1

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. ஒரு பத்திரிகை, குழந்தைகளும் இணைய விளம்பரங்களும் என்று சிறப்பிதழ் போடுகிறது. எழுத்தாளரிடம் கதை கேட்டது. அவருக்கு அந்த விஷயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆகவே உடனே சம்மதித்தார்.

(யாரையோ சொல்வதுபோல எழுத்தாளர், எழுத்தாளர் என்கிறேனே என்று பார்க்காதீர்கள். நான்காம் பகுதிவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

முதல் தொடக்கம்: "திரையின் நீல ஒளியில் ஒரு தலைமுறையே கருகிக்கொண்டிருந்த அந்த..."

அடித்தாயிற்று. நீல ஒளியில் எதுவும் கருகாது.

இரண்டாம் தொடக்கம்: "விளம்பரங்களுக்கு அனுமதி தரும் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய மனசாட்சி..."

மனசாட்சி என்ன செய்தது என்று தெரியவில்லை. அதிகாரி மூன்று பக்கம் துடைத்துக்கொண்டேயிருந்தார். நல்ல மனிதர். அவருக்கு ஒரு பிள்ளையைக் கொடுக்க எழுத்தாளர்தான் மறந்துவிட்டார்.

சரி, ஆராய்ச்சியில் இறங்குவோம் என்று வீட்டில் பொதுவாகக் கிடக்கும் கைபேசியை எடுத்தார். தொப்பை கரைக்கும் தேநீர், பத்தே நாளில் ஒட்டிய வயிறு என்று ஒரு வாரம் தேடினார். ஒவ்வொரு விளம்பரத்தையும் தொட்டு, உள்ளே போய், குறிப்பெடுத்தார். பள்ளியில்கூட அவர் இவ்வளவு சிரத்தையாகப் படித்ததில்லை.

3

அதே கைபேசியில்தான் அவருடைய ஒன்பது வயது மகள் மாலைதோறும் பின்னக் கணக்கு வீடியோ பார்ப்பாள்.

(இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். எழுத்தாளருக்கும் முன்பே தோன்றியிருக்க வேண்டும்.)

வியாழக்கிழமை, மருந்துக்கடை வேலை முடிந்து வந்த அவர் மனைவி மகளின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். வைத்தது வைத்தபடி இருந்தது. மூன்றாவது நாளாக.

"ஏன்டி சாப்பிடல?"

"வயிறு உள்ள போகணும்மா."

"யாரு சொன்னா?"

"போன்ல ஒரு அக்கா. அரையும் காலும் கூட்டும்போது நடுவுல வந்து, 'உன் வயித்தைப் பாத்தியா'ன்னு கேக்கறாங்க. தினமும் என்கிட்டயே கேக்கறாங்க."

எழுத்தாளர் பாய்ந்து வந்தார், குறிப்பேட்டோடு.

"அப்படியேவா கேட்டாங்க? இன்னொரு தடவை சொல்லும்மா."

மனைவி பார்த்த பார்வையில் பேனா தானாக மூடிக்கொண்டது.

4

மனைவி கைபேசியின் தேடல் பட்டியலை எடுத்து, சத்தமாக வாசித்தாள். வாசித்து முடிக்க நேரம் பிடித்தது.

"நம்ம வீட்ல யாருக்குங்க இவ்ளோ ஆசை?"

"கதைக்கும்மா. ஆராய்ச்சி."

"நீங்க விழுந்து விழுந்து பாத்ததைத்தானே அது கொண்டாந்து கொட்டும்? உங்களுக்குன்னு நினைச்சு அவகிட்ட கொட்டியிருக்கு. ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் காப்பாத்தறீங்களாக்கும்!"

நேற்று இந்தக் கதையின் முதல் மூன்று பகுதிகளை வாசித்துவிட்டு இன்னொன்றும் கேட்டாள்: "எழுத்தாளர்னு போட்டுட்டா, தப்பு வேற யாரோ பண்ணதா ஆயிடுமா?"

ஆகாது. நான்தான்.

5

முடிவுகள் கைவசம் இரண்டு உண்டு. ஒன்றில் அதிகாரி நீண்ட உரையாற்றிவிட்டு ராஜினாமா செய்கிறார். மற்றதில் கடுமையான சட்டம் வருகிறது. அதை இயற்ற எனக்கு அரைப் பக்கம் போதுமாயிருந்தது.

வீட்டில் நடந்தது இது. தேடல் பட்டியலை மனைவி அழித்தாள். அந்த அக்கா வருவது நின்றது. வெள்ளிக்கிழமையும் டப்பா நிறைந்தே திரும்பி வந்தது.

சனிக்கிழமை மதியம் தட்டின் முன் உட்கார்ந்திருந்தவளிடம் சொன்னேன். "அந்த அக்கா உன்கிட்ட கேக்கலம்மா. என்கிட்ட கேட்டாங்க. அதையெல்லாம் தேடிப் பாத்தது நான். அப்பா பண்ண தப்பு."

அவள் என்னைப் பார்த்தாள். முகத்தை அல்ல, சட்டைப் பொத்தான்கள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த இடத்தை.

"அப்போ கரெக்டாதான் கேட்டிருக்காங்க."

மனைவிக்குக் குடித்த தண்ணீர் புரையேறியது. மகள் சிரிக்கவில்லை.

"அப்போ என் வயிறு?"

"பசியில கத்துது, இங்க வரைக்கும் கேக்குது," என்றாள் அம்மா.

மகள் கரண்டியை எடுத்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இதையும் எழுதப்போறியாப்பா?"

"மாட்டேன்" என்றேன்.

அந்த வாக்கில் பெரும்பகுதி இங்கே உங்கள் கண்ணெதிரிலேயே உடைந்துகிடக்கிறது. மிச்சத்தையாவது காப்பாற்றுகிறேன். 'சாப்பிட்டாள்' என்று முடித்துத் தரச் சொல்லிப் பத்திரிகையிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள், தரப்போவதில்லை. கரண்டி அவள் கையில் இருக்கிறது. நான் எழுந்து போகிறேன். நீங்களும் கொஞ்சம் வேறு பக்கம் பாருங்கள்.