கேமராவுக்கு மூக்கில்லை

ஐஸ் தண்ணீரில் கையை விட்டு, இறாலின் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள் கார்குழலி. பாண்டிச்சேரியை ஒட்டிய தேங்காய்த்திட்டின் இறால் கொட்டகையில் பகல் முழுக்க இதுதான் வேலை. விரல் நுனிகளில் தோல் பிய்ந்து சிவந்திருந்தது. நாற்றமோ சோப்புக்கும் அசையாத நாற்றம். சோற்றில் கைவைத்தால் குடலைப் புரட்டும்.

"ஐஸுக்கு நம்ம மேல ரொம்பப் பாசம்டி, தோலை வாங்காம வுடாது" என்றாள் பக்கத்தில் உரித்துக்கொண்டிருந்த கமலவேணி.

கார்குழலி அதை மனசில் முடிந்துகொண்டாள். இந்தக் கொட்டகையைப் பற்றித்தான் அவள் ஒரு திரைக்கதை எழுதிக்கொண்டிருந்தாள். தன் பேர் போட்டு ஒரு படம் வரவேண்டும், அவ்வளவுதான் ஆசை.

படப்பிடிப்புக்காகப் பாண்டிச்சேரியில் வீடெடுத்துத் தங்கியிருந்த சினிமா கம்பெனியில் கோபிநாத் துணை இயக்குநர். வாசலில் காத்துக் கிடந்து அவனைப் பிடித்தாள். தாள்களை அவன் கைக்குட்டையால் பிடித்துப் புரட்டினான்.

"இது கதையா, கடுதாசியா? காட்சிக்குத் தலைப்பு எங்க? உள்ளயா வெளியயா, பகலா ராத்திரியா, ஒண்ணும் இல்ல. 'குடலைப் புரட்டும் நாற்றம்'னு வேற எழுதியிருக்க. கேமராவுக்கு மூக்கு கிடையாதும்மா. கண்ணுக்குத் தெரியறது, காதுக்குக் கேக்கறது, அத மட்டும் எழுது. எதுக்கு எல்லாப் பக்கத்துலயும் உன் பேரு?"

"பரீட்சைத் தாள்ல அப்பிடித்தான் எழுதுவோம் சார். பக்கம் எதுனா காணாப்பூட்டா?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "பேரு மொதப் பக்கத்துல மட்டுந்தான். மத்த எடத்துல எல்லாம் எடுத்துரு. அதான் ஃபார்மேட்."

போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். வசனம் தாளின் நடுவில். பேசுகிறவர் பேர் அதற்கு மேலே. நாற்றத்தை எழுதக்கூடாத இடத்தில், முந்தானையால் மூக்கைப் பொத்தும் பெண்ணை எழுதினாள். அது அவளுக்கே பிடித்துப்போனது. தன் பேரைப் பக்கம் பக்கமாக அழித்தாள். அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்ததும், "இப்பதான் திரைக்கதை மாதிரி இருக்கு" என்றான் கோபிநாத். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றவன், அப்புறம் போனையே எடுக்கவில்லை.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் படக்காரர்கள் கொட்டகைக்கே வந்து இறங்கினார்கள். முதலாளி கன்னியப்பன் பல்லெல்லாம் தெரிய வரவேற்றார். மூலைக்கு மூலை வாசனைத் தெளிப்பான் அடித்தார்கள். இறால் நாற்றத்தோடு மல்லிகை வாசனை கலந்தது. கதாநாயகி கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"ஐஸுக்கு நம்ம மேல ரொம்பப் பாசம்டி..."

"அடிப்பாவி! அது நான் சொன்னதாச்சே!" என்றாள் கூட்டத்தில் நின்ற கமலவேணி.

"எழுதுனது நான்க்கா."

கார்குழலி நேரே கோபிநாத்திடம் போனாள். அவன் கையில் இருந்தவை அவள் தாள்கள்தான். ஓரத்தில் அவள் விரல் பட்ட இறால் தண்ணீர்க் கறைகூட அப்படியே இருந்தது. முதல் பக்கம் மட்டும் புதுசு. அதன் நடுவில் அவன் பேர்.

"சார், இது என்னுது."

"எந்தப் பக்கத்துல உன் பேரு இருக்கு? காட்டு."

அழுகிய மீனைக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை. காறித் துப்ப எச்சில் ஊறியது. கன்னியப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கினாள். விழுங்கியதும் அருவருப்பாகத்தான் இருந்தது.

"கையுறையோட க்ளோஸப் எடுபடாது. நெஜ வேலைக்காரி கை ஒண்ணு வேணும்" என்று இயக்குநர் கத்தினார்.

"குழலி, போய் ஒக்காரு" என்றார் கன்னியப்பன். "மாட்டேன்னா, நாளைலேர்ந்து வேலைக்கு வராத."

உட்கார்ந்தாள். கேமராவைத் தாழ்த்தினார்கள்.

"மூஞ்சி வேணாம், கை மட்டும் போதும்" என்றான் கோபிநாத். பிறகு கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒளிப்பதிவாளருக்காக உரக்கப் படித்தான்: "நெருக்கக் காட்சி. தோல் பிய்ந்த விரல்கள் இறாலை உரிக்கின்றன. ஐஸ் தண்ணீர் மெல்லச் சிவக்கிறது."

கார்குழலி கையைத் தண்ணீரில் விட்டாள். அவள் எழுதியிருந்தபடியே அது மெல்லச் சிவந்தது.