ஊமச்சிக்கு ஓர் இடம்

சனிக்கிழமைக்குள் பூனை ஏலக்காய்க் கிட்டங்கியை விட்டுப் போயாக வேண்டும் என்று முதலாளி மொக்கச்சாமி சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் செல்லக்கிளி இரண்டு வார்த்தை எதிர்த்துப் பேசியிருப்பாள். அவரோ பக்கத்தில் வந்து குத்தவைத்து, கெஞ்சுகிற குரலில் சொன்னார்.

"ஏலக்கா பச்சப்புள்ள மாதிரி, ஆத்தா. பக்கத்துல என்ன கெடக்கோ அந்த வாடையப் பிடிச்சுக்கும். திங்கக்கெழம புது லோடு வருது. வாங்க வர்றவன் ஒரு காயப் பிதுக்கி மூக்குல வைப்பான். பூனை வாடை வந்துச்சுன்னா நான் என்னன்னு சொல்லட்டும்?"

பதினோரு வருடமாக அந்தக் கிட்டங்கியில் உட்கார்ந்து வெடித்த காயையும் கருத்த காயையும் பொறுக்கிப் போடுகிறவள் அவள். ஏலக்காய் எதையெல்லாம் பிடித்துக்கொள்ளும் என்று அவருக்கு முன்பே அவளுக்குத் தெரியும்.

பூனை வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு லோடு ஜீப்பின் பானட்டைத் திறந்தபோது உள்ளே ஒட்டிக்கொண்டு கிடந்தது. கழுத்தில் ஒரு பக்கம் ரோமமே இல்லாமல் வெந்திருந்தது. ஓட்டி வந்தவன் குச்சியால் தள்ளிவிடப் பார்த்தான். செல்லக்கிளி முந்தானையில் ஏந்திக்கொண்டாள். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போட்டுப் போட்டுப் புண் ஆறியது. குரல் மட்டும் திரும்பவில்லை. பசித்தால் வாயைத் திறக்கும், மூடும், அவ்வளவுதான். காய் பொறுக்கும் பெண்கள் அதற்கு ஊமச்சி என்று பேர் வைத்தார்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோக வழியில்லை. அவள் புருசன் ராஜாராமுக்கு இழுப்பு நோய். ஒரே ஒரு நாள் ஊமச்சி வீட்டில் தங்கியதற்கு அவன் மூன்று நாள் சுவரில் சாய்ந்தபடி மூச்சுக்குப் போராடினான். "இருக்கட்டும் கிளி, பாவம்" என்று அந்த மூச்சுக்கு நடுவிலும் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பெரிய பள்ளிவாசல் தெருவில் கடை வைத்திருக்கும் அலிமா வாங்கிக்கொண்டாள். இரண்டே நாளில் அவள் மகள் ஆலியா பிரசவத்துக்குத் தாய் வீடு வந்து சேர்ந்தாள். பூனை இருக்கிற வீட்டில் வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னாராம். அலிமா கண்ணைத் துடைத்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தாள். கூடவே பால் பவுடர் பொட்டலம் ஒன்று.

கணக்குப் பார்க்கும் பிரபாகரன் தன் போனில் ஊமச்சியைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தான்.

"அக்கா, நாப்பத்தேழு பேரு ஹார்ட்டு விட்டுருக்காங்க" என்றான் சாயங்காலம்.

"ஹார்ட்டு பால் ஊத்துமா தம்பி? ஒருத்தராச்சும் வர்றேன்னு சொன்னாங்களா?"

"ஒருத்தர் கேட்டாரு. வெள்ளையா, புசுபுசுன்னு இருந்தா எடுத்துக்குவாராம்."

வியாழக்கிழமை வழி பிறந்தது. பக்கத்து வீட்டுப் பொன்னுமணி, செல்லக்கிளியின் தம்பி முறையுள்ள ஒருவனுக்கு வாக்கப்பட்டவள். தினமும் விடியும் முன் ஜீப்பில் ஏறி மலைக்கு மேலே கேரளா எல்லைக்குள் இருக்கும் ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவள். அவள்தான் சொன்னாள்.

"மதினி, எங்க தோட்டத்துல காய் உணத்துற ஸ்டோரப் பாத்துக்குறது தங்கச்சன்னு ஒரு மலையாளத்து ஆளு. எலி சாக்கக் கடிச்சு நாசம் பண்ணுதுன்னு ஒரு மாசமா பூச்ச வேணும் பூச்ச வேணும்னு உசுர வாங்குறாரு. நான் மொதல்ல என்னமோ பூச்சிய கேக்குறாருன்னு நெனச்சுட்டேன். பூனையத்தான் அவுக பூச்சங்குறாக."

"நல்லா வச்சுக்குவாரா?"

"தனிக்கட்ட. அணிலுக்குச் சோறு வைக்கிற மனுசன். உங்க ஊமச்சிய தலையில தூக்கி வச்சுக்குவாரு."

செல்லக்கிளி யோசித்துப் பார்த்தாள். காய் உலர்த்தும் இடம் எப்போதும் கதகதப்பாக இருக்கும். மலைக்குளிர் அங்கே அண்டாது. எலி உண்டு. கேட்பவரும் அவராகவே கேட்கிறார். அதற்கு மேல் ஒரு பூனைக்கு என்ன வேண்டும்?

ஒரே இடைஞ்சல் ஜீப் ஓட்டும் அழகுராஜா. பூனை குறுக்கே போனால் வண்டியை ஓரங்கட்டி, ஒரு பீடி தீரும்வரை ஸ்டியரிங்கைத் தொடாத ஆள்.

"குறுக்க போனாலே அப்படின்னா, உள்ள வச்சுக்கிட்டு அத்தனை வளைவு ஏறுவாரா? வேணாம் மதினி. அட்டப்பொட்டில போட்டு, மேல சாக்கச் சுத்திக் குடுங்க. நான் காலுக்கடியில வச்சுக்கிறேன். கத்தாத பூனைதான? பொட்டி மேல மட்டும் பூனைன்னு எழுதிராதீக. பூச்சன்னு எழுதுங்க. தங்கச்சனுக்குப் புரிஞ்சா போதும், இவருக்குத் தெரியாது."

"தங்கச்சன் தமிழ் படிப்பாரா?"

"அதெல்லாம் யாருக்குத் தெரியும். நானே எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறவ. கையிலயே குடுத்துருவேன், கவலய விடுங்க."

எழுத வேண்டிய அவசியமே இல்லைதான். ஆனால் எட்டாவது வரைக்கும் படித்தவள் செல்லக்கிளி. அந்தக் கிட்டங்கியில் சாக்கின் மேல் தோட்டத்துப் பேர் எழுத ஆள் வராத நாளில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்று மொக்கச்சாமியே சொல்வார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாக்குக்கு எழுதும் தடிப் பேனாவை எடுத்து, சுற்றப்போகும் சாக்கின் மேல் கட்டுவதற்கு ஓர் அட்டையில், இரண்டே வார்த்தை எழுதினாள். "பூச்ச. ஸ்டோர்." எழுதிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டாள். புது வார்த்தை, பார்க்க நன்றாக இருந்தது.

சனிக்கிழமை விடியும் முன் பெட்டியின் பக்கவாட்டில் கத்தியால் ஏழெட்டு ஓட்டை போட்டு, தன் பழைய சேலைத் துண்டை விரித்து ஊமச்சியை உள்ளே விட்டாள். அது வாயைத் திறந்து மூடியது. சாக்கைத் தளர்வாகச் சுற்றி, மேலே அட்டையைக் கட்டிக் கொடுத்தாள். ஜீப் கிளம்பியது.

ஆனால் பொன்னுமணி தோட்டம் போய்ச் சேரவில்லை. மலையடிவாரத்தில் முந்தல் சோதனைச் சாவடியில் வண்டி நின்றபோது, பிள்ளைக்குக் காய்ச்சலில் வெட்டு வலிப்பு வந்துவிட்டது என்று வீட்டிலிருந்து போன். பதறி இறங்கினாள். இறங்குகிற அவசரத்திலும், "அண்ணே, அந்தப் பொட்டிய ஸ்டோருல குடுத்துருங்க" என்று அழகுராஜாவிடம் சொல்லத் தவறவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் செல்லக்கிளியைப் பார்த்ததும் அதைத்தான் முதலில் சொன்னாள். "சொல்லி விட்டுட்டேன் மதினி. இந்நேரம் குடுத்திருப்பாரு."

தோட்டம் இருக்கும் பள்ளத்தில் போன் எடுக்காது. ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை மழையில் மலைப்பாதையில் மரம் விழுந்து ஜீப்புகள் போகவில்லை. அந்த மூன்று நாளும் செல்லக்கிளி உள்ளபடியே சந்தோசமாக இருந்தாள். செவ்வாய்க்கிழமை பொன்னுமணி வேலைக்குக் கிளம்பியபோது இவளும் லீவு சொல்லிவிட்டு, கொஞ்சம் நெத்திலிக் கருவாட்டைத் தாளில் மடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

"சம்பந்தி வீட்டுக்குச் சீரு கொண்டு போறாக" என்று ஜீப்பில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

தோட்டத்தில் மழை விட்டுச் சாரல் மட்டும் இருந்தது. ஏலச்செடிகளின் இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. உலர்த்தும் ஸ்டோரின் வாசலில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, நரைத்த மீசையோடு தங்கச்சன் நின்றிருந்தார். பொன்னுமணியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பூச்ச எவிடே?" என்றார். "சனியாழ்ச்ச முழுக்கப் பாத்தாச்சு. மீன் வாங்கி வச்சு. நிங்கள் தமிழ்க்காரு சொல்லுவீங்க, செய்ய மாட்டீங்க."

பொன்னுமணி செல்லக்கிளியைப் பார்த்தாள். செல்லக்கிளி ஸ்டோருக்குள் பார்த்தாள். காய் உலர்த்தும் சூளையின் சுவரோரம், சூடு இதமாகப் படுகிற தூரத்தில், ஒரு மூங்கில் கூடை. கூடைக்குள் பழைய கம்பளி. பக்கத்தில் ஓர் அலுமினியக் கிண்ணம். எல்லாம் அப்படியே இருந்தது. கம்பளியில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை.

"அழகுராஜா அண்ணே" என்று பொன்னுமணி ஓடினாள். "சனிக்கெழம பொட்டிய யாருட்ட குடுத்தீக?"

"ஸ்டோருலன்னுதான சொன்ன? அன்னைக்கு மருந்து லோடும் வந்துச்சு. எல்லாத்தையும் சேத்து வாட்ச்மேன்ட்ட எறக்கிட்டுப் போனேன்."

வாட்ச்மேன் சீனிச்சாமி ராசிங்காபுரத்துக்காரர். கேட்டதும் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு நடந்தார். "ஆமா, ஒரு சாக்குப் பொட்டி. பூச்சி ஸ்டோருன்னு எழுதியிருந்துச்சு. அங்கதான் வச்சிருக்கேன். ஏன், அவசரமா வேணுமா?"

"பூச்சி ஸ்டோரா?"

"செடிக்கு அடிக்கிற மருந்து வைக்கிற ரூமு. இங்க எல்லாரும் அப்படித்தானம்மா சொல்லுவோம்."

பொன்னுமணி வாயைப் பொத்திக்கொண்டாள். அது அவளுக்குத் தெரியாத பேர் இல்லை. அட்டையில் இருந்ததை எழுத்துக்கூட்டிக்கூட அவள் படித்துப் பார்க்கவில்லை.

உலர்த்தும் ஸ்டோருக்கும் அந்த அறைக்கும் நடுவில் இருபது எட்டு வைக்கும் தூரந்தான் இருக்கும். சீனிச்சாமி பூட்டைத் திறந்ததும் மருந்தின் நெடி கண்ணைக் கரித்தது. சாக்கு ஒரு பக்கம் கிழிந்து கிடந்தது. பெட்டியின் ஓட்டைகளில் ஒன்று கடித்துக் கடித்துப் பெரிதாக்கப்பட்டிருந்தது. தரையில் சிந்தியிருந்த வெள்ளைப் பொடியின் மேல் சின்னச் சின்னக் காலடிகள். கதவு வரைக்கும் போய், திரும்பி, மறுபடி கதவு வரைக்கும் போயிருந்தன. கதவின் அடிப்பலகையில் நகம் கீறிய கோடுகள். ஊமச்சி அலமாரிக்கு அடியில் கிடந்தது. தன் கால்களை நக்கியிருக்க வேண்டும். வாய் திறந்தே இருந்தது.

செல்லக்கிளி குனிந்து எடுக்கப் போனாள். "வெறுங்கையால தொடாதீக" என்று சீனிச்சாமி தடுத்தார். அவள் கேட்கவில்லை.

பொன்னுமணி அவர் மேல் பாய்ந்தாள். "கண்ணு தெரியாதா உங்களுக்கு? என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாத்து வைக்கிறதில்ல? மூணு நாளா ஒரு உசுரு உள்ள கெடந்து துடிச்சிருக்கு, ஒரு சத்தங்கூடவா கேக்கல?"

"என்ன சத்தம் கேட்டுச்சு? நான் ராவெல்லாம் இந்தப் பக்கம்தான் சுத்துறேன். கத்தியிருந்தா தெறந்திருக்க மாட்டேனா?" சீனிச்சாமி தரையில் கிடந்த அட்டையை எடுத்து நீட்டினார். "நீங்களே பாருங்க. பூச்சன்னு இருக்கு. அப்படி ஒரு வார்த்தை தமிழ்ல உண்டா? எழுதுன ஆளு பூச்சின்னு எழுதக் கொக்கியப் போட மறந்துட்டாகன்னு நெனச்சேன். இவ்வளவு அழகா எழுதத் தெரிஞ்சவுக பூனைன்னு எழுதியிருந்தா என்ன?"

அட்டையிலிருந்த எழுத்து மழை ஈரத்தில்கூடக் கலங்காமல் இருந்தது. செல்லக்கிளி அதைப் பார்த்தாள்.

"அவரைத் திட்டாத பொன்னுமணி" என்றாள். "அவரு சரியாத்தான் படிச்சிருக்காரு."

என்ன எழுதியிருந்தது, ஏன் எழுதியிருந்தது என்று தங்கச்சனுக்கு முழுக்கப் புரிந்ததோ என்னவோ. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் பின்னால் போய், ஏலச்செடிகள் இல்லாத மேட்டில் குழி தோண்டினார். ஆழமாகத் தோண்டினார், நாய் கிளறாமல் இருக்க. சேலைத்துண்டில் சுற்றியதைச் செல்லக்கிளி உள்ளே வைத்தாள். பிறகு அவளை ஸ்டோர் குழாயடிக்குக் கூட்டிப்போய், சோப்பைக் கொடுத்து, முழங்கை வரைக்கும் மூன்று தடவை கழுவச் சொன்னார். கழுவினாள்.

சாயங்காலம் இறங்கும்போது அழகுராஜா அவளை முன்சீட்டில் உட்காரச் சொன்னார். நாலைந்து வளைவு தாண்டியது.

"பூனைன்னு சொல்லியிருந்தா நான் ஏத்தமாட்டேன்னா நெனச்சீக?" என்றார் பிறகு.

அவள் மடியிலிருந்த கருவாட்டுப் பொட்டலத்தைப் பார்த்தாள்.

"ஏத்தியிருப்பேன்த்தா. ரெண்டு ஏச்சு ஏசியிருப்பேன். ஏத்தியிருப்பேன்."

"இப்பச் சொல்லுவீக" என்றாள் பின்னாலிருந்து பொன்னுமணி.

வீட்டில் ராஜாராம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு மூச்சு கொஞ்சம் தேவலையாக இருந்தது. அவளைக் கண்டதும் நிமிர்ந்தான்.

"போய்ப் பாத்தியா? எப்படி இருக்கு? நல்ல எடந்தானா?" இருமல் வந்தது. அடக்கிக்கொண்டான். "என்னாலதான அத வெளிய அனுப்புனோம்னு மனசுக்குள்ள கெடந்து அறுத்துக்கிட்டே இருக்கு, கிளி."

செல்லக்கிளி செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்ல எடந்தான்" என்றாள். "சூளைச் சுவரு ஓரமா கூடை போட்டு வச்சிருக்காரு. குளிரே தெரியாது."

"அப்படியா?"

"கூடைக்குள்ள கம்பளி விரிச்சிருக்காரு. மீன் வாங்கி வச்சிருந்தாராம்."

"நல்ல மனுசன்" என்று சொல்லிவிட்டு ராஜாராம் தலையணையில் சாய்ந்தான். "தனிக் கிண்ணம் வச்சிருக்காரா, இல்ல கண்ட கண்ட தட்டுல போடுறாரா?"

"தனிக் கிண்ணந்தான்" என்றாள் அவள். "அலுமினியக் கிண்ணம்."