குண்டூசி கேட்டு வந்தவர்

அப்பாவின் ஆடிட்டர் ஆபீஸை டிசைன் ஸ்டுடியோவாக மாற்றும் வேலை மகளுக்கு மளமளவென்று நடந்தது. கறை பிடித்த ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்தாள். துருப்பிடித்த பீரோக்களைத் தள்ளிவிட்டாள். சுவரெல்லாம் வெள்ளையடித்தாள். அப்பாவின் அறை முன்னால் வந்து நின்றதும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அறை என்ன பெரிய அறை, வெறும் பலகைத் தடுப்பு. ஆனால் ஹாலின் ஒரே பெரிய ஜன்னலை அது விழுங்கிக்கொண்டு நின்றது. அதை எடுத்தால்தான் ஸ்டுடியோவுக்கு வெளிச்சம். எடுத்தாலோ, போன வருஷம் காலமான அப்பாவை மறுபடியும் வழியனுப்புவது போலிருந்தது அவளுக்கு. தச்சர் சுத்தியலோடு வருவார், டீ குடிப்பார், போவார். ஒரு வாரமாக இதே கதை.

"அம்மா பார்த்தா தாங்க மாட்டாங்க" என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தாள். பழியைத் தூக்கி அம்மா தலையில் போடுவது என்றைக்குமே வசதிதானே!

அந்த அம்மாவே ஒருநாள் மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். கல்யாணமான புதிதிலிருந்து இங்கே டைப் அடித்தவள். தடுப்பைக் கண்டதும் முகம் சுளித்தாள்.

"இதை இன்னுமா வெச்சிருக்கே?"

"அப்பா ரூமும்மா..."

"உங்க தாத்தா கட்டினது. ரூம் இல்லாத ஆடிட்டரை எவனும் மதிக்க மாட்டான்னு சொல்லி உங்கப்பாவை உள்ளே அடைச்சாரு. என்னை வெளியே, தன் மேசைக்கு எதிர்லயே உட்கார வெச்சாரு. வீட்டிலயும் மாமனார், இங்கயும் மாமனார்! உங்கப்பா பாவம், என்ன பண்ணுவாரு? என்கிட்ட குண்டூசி கேட்டு வெளியே வந்துட்டே இருப்பாரு. உள்ளே அவர் டிராயர் நிறைய குண்டூசி!"

மகள் சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே கண் நிறைந்தது.

"தாத்தா போனப்புறமாவது எடுத்திருக்கலாமே?"

"எடுக்கலாம் எடுக்கலாம்னு சொல்லிக்கிட்டே உங்கப்பாவும் போயிட்டாரு. தச்சரே, நீங்க ஆரம்பிங்க."

மகள் தடுக்கவில்லை. பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசிப் பலகையும் போனதும் சாயங்கால வெயில் எதிர்ச்சுவர் வரை போய் விழுந்தது.

அம்மா ஒரு நாற்காலியை இழுத்து, முன்பு தன் டைப்ரைட்டர் இருந்த இடத்தில் போட்டு உட்கார்ந்தாள். ஜன்னலோரம் வெறும் தரையைப் பார்த்தாள். இங்கிருந்து கணவர் உட்கார்ந்திருந்த இடம் நேராகத் தெரிந்தது.

"கொஞ்சம் சீக்கிரம் உடைச்சிருக்கலாம்டி" என்றாள்.