படிக்கட்டைப் பார்க்காதவர்

1

இது திருடிய கதை. திருடிய இடம் என் தங்கை வீட்டுச் சமையலறை. பறிகொடுத்தவர் அவள் கணவர். ஆப்பிளுக்குத் தோல் சீவிக்கொண்டே அவர் சொன்னார்: "மச்சான், அவ சைக்கிளோட முன்சக்கரம் மாதிரி. நான் எங்க பாக்குறேனோ அங்க போறா." தன் மகளைப் பற்றித்தான் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கை கழுவுகிற சாக்கில் எழுந்து போய், அந்த வாக்கியத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். உறவுக்குள் ஓர் எழுத்தாளன் இருந்தால் அளந்துதான் பேச வேண்டும் என்பது மாப்பிள்ளைக்கு அப்போது தெரியாது.

எழுத உட்கார்ந்தால் தொடக்கம் பிடிபடவில்லை.

"மலைச்சரிவில் காலை வெயில் இறங்க, அவர் தன் சைக்கிளை —" (வேண்டாம். அவர் மலைப் பக்கம் போய் எட்டு மாதமாகிறது.)

"ஒரு வீட்டில் ஓர் அப்பா இருந்தார். வேலைக்குப் போகாமல் —" (இந்தப் 'போகாமல்' என்பதில் ஓர் இளக்காரம் இருக்கிறது. தங்கை படித்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.)

சரி, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

2

மாப்பிள்ளை நில அளவையாளர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மலைச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கல்லும் வேரும் துருத்திக்கொண்டிருக்கும் ஒற்றையடிப் பாதையில் மேலிருந்து கீழே இறங்குவது அவருடைய பைத்தியம். பன்னிரண்டு வருடப் பைத்தியம். புதிதாக வருகிறவர்களுக்கு அவர்தான் வாத்தியார். முதல் பாடம் எப்போதும் ஒன்றுதான்: பாதை நடுவே கல் கிடந்தால் கல்லைப் பார்க்கக் கூடாது, பக்கத்தில் இருக்கிற இடைவெளியைப் பார்க்க வேண்டும். கண் போகிற பக்கம் தோள் திரும்பும், தோளோடு கை, கையோடு சக்கரம். "கல்லப் பாத்தேன்னு வை, நேரா அதுலதான் போய் முட்டுவ" என்பார். இதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை.

தங்கை ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் இருக்கிறாள். அவளுக்குப் பொறுப்பு கூடியபோது, குழந்தையோடு யார் வீட்டில் இருப்பது என்ற பேச்சு வந்தது. "நான் இருக்கேன்" என்றார் மாப்பிள்ளை, சட்டென்று. சைக்கிள் நடைவழிச் சுவரில் ஏறிக்கொண்டது.

குழந்தைக்கு அப்போது இரண்டரை வயது. நாங்கள் கூப்பிடுவது குண்டூசி என்று. எங்கே கிடக்கிறாள் என்று தேடினால் தெரியாது, காலில் தைத்தால்தான் தெரியும்.

வீட்டு வேலையில் அவர் கெட்டிக்காரர். ஏழு மணிக்கெல்லாம் துணி துவைக்கிற இயந்திரம் ஓடும். மூடி போட்ட கோப்பையில் பால் இருக்கும். எந்தக் காலுறை உறுத்தும் என்று குண்டூசி அழுவாள், எது உறுத்தாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. (குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாமல் திண்டாடும் அப்பாவை எழுதினால் வாசகருக்குச் சிரிப்பு வரும். எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டாம். இவர் எதையும் குறை வைக்கவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.)

3

முதலில் மேசை முனை. 'இதில் இடித்துக்கொள்ளப் போகிறாள்' என்று அதைப் பார்த்தார். அறையின் மறுகோடியில் இருந்தவள் ஓடிவந்து அதிலேயே நெற்றியை இடித்துக்கொண்டாள். இது எந்த வீட்டிலும் நடப்பது.

அடுத்தது இஸ்திரிப் பெட்டி. சூடாக இருந்தது. குண்டூசி அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் கிறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் பெட்டியைப் பார்த்தார். அவள் கையிலிருந்த கலர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் எழுந்து, பெட்டியை நோக்கி நடந்தாள்.

அன்று மதியம் அவர் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தார். மஞ்சள் தலையணையைப் பார்த்தார். போய் அதன்மேல் உட்கார்ந்தாள். திரைச்சீலையைப் பார்த்தார், போய் அதற்குப் பின்னால் நின்றுகொண்டாள். ஒரு தடவைகூட அவள் திரும்பி அவர் கண்ணைப் பார்க்கவில்லை.

(இந்த இடத்தில் எனக்கே அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நாள் முழுக்கப் பேச்சுத்துணை இல்லாத மனிதர். மனம் எதையாவது கோத்துப் பார்க்கும். தங்கையும் அதையேதான் சொன்னாள். அந்த விளக்கத்தை ஒரு பத்தி எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. நான்காம் பகுதிக்குப் பிறகு அதை எடுத்துவிட்டேன்.)

மாப்பிள்ளை செய்த தப்பு, மலைச் சைக்கிள் ஓட்டுகிற ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. பயப்படுகிற எதையும் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தார். அடுப்பைப் பார்ப்பதில்லை. சன்னலைப் பார்ப்பதில்லை. முக்கியமாக, கூடத்தின் நடுவிலிருந்து மாடிக்கு ஏறும் படிக்கட்டைப் பார்ப்பதே இல்லை. பதினேழு படி, மரப்படி, விளிம்பெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கும். கீழே ஒரு தடுப்புக் கதவு போட்டுத் தாழிட்டிருந்தார், இருந்தாலும் பார்ப்பதில்லை. கடைசியில் மிஞ்சியது கூடத்துத் தரைவிரிப்பின் நடுப்பகுதி. பகல் முழுக்க அதையே பார்த்தார்.

குண்டூசி பகல் முழுக்க அதன் நடுவிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, இவ ஏன் இப்பிடியே உக்காந்திருக்கா?" என்று தங்கை வேலையிலிருந்து வந்ததும் கேட்டாள்.

"சமத்தா இருக்கா."

"சமத்தா? இவளா?" தங்கை குழந்தையைத் தூக்கினாள். "பேச்சையே காணோமே. நீங்க அவளப் பாத்துக்கறீங்கதானே?"

"பாத்துக்கறேன்" என்றார், தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டே.

4

தங்கை கூப்பிட்டு, நான் ஒரு நாள் காலை அங்கே போனேன். அவள் வேலைக்குப் போயிருந்தாள்.

"மச்சான், வந்ததுக்கு சந்தோஷம். ஒண்ணே ஒண்ணு. எங்கயும் உத்துப் பாக்காதீங்க" என்றார். கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது.

குண்டூசி விரிப்பின் நடுவில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். நீலச் சட்டை, கழுத்தில் வேர்வையில் ஒட்டிய முடி. "என்னடா குண்டூசி, மாமா வந்திருக்கேன்" என்றேன். அவள் திரும்பவில்லை. 'பாக்காதே' என்று சொல்லிவிட்டால் எனக்குக் கண் நிற்காது. மாப்பிள்ளை அப்படிப் பயப்படுகிற படிக்கட்டு எப்படித்தான் இருக்கும் என்று பார்த்தேன். குறிப்பேட்டுக்காக எண்ணவும் செய்தேன். பதினேழு.

"மாமா பாக்குறாரு" என்றாள் குழந்தை, முதுகைக் காட்டியபடியே.

பிறகு எழுந்தாள். நேராகப் போய்த் தடுப்புக் கதவின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை பாய்ந்து அவளைத் தூக்கினார். அவள் முகத்தைத் தன் தோளில் புதைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"சத்தியமா நான் பாக்கல மச்சான்" என்றார்.

அது எனக்குத் தெரியும். பார்த்தது நான்.

5

இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் நிறுத்தியும் வைத்தேன். மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு, கதைக்கு ஓர் உச்சம் வேண்டுமே என்று எழுதினேன்:

"குண்டூசி படிக்கட்டின் உச்சியில் நிற்கிறாள்."

முற்றுப்புள்ளி வைப்பதற்குள் கைப்பேசி அடித்தது.

"மச்சான், இப்ப என்ன பண்றீங்க?" மாப்பிள்ளை கிசுகிசுத்தார்.

"சும்மாதான் இருக்கேன்."

"பொய் சொல்லாதீங்க. அவ மேல நிக்கிறா. கதவு தாழ் போட்டபடியே இருந்துச்சு. எப்பிடிப் போனான்னு தெரியல. இங்க சுவத்துல இருக்கற போட்டோ கண்ணாடியில தெரியுது. முதுகு காட்டிக்கிட்டு நிக்கிறா. குதிகால் விளிம்புல இருக்கு."

"ஏறிப் போய்த் தூக்குங்க!"

"கதவத் தொறந்து ஒரு படி ஏறினேன். அவளும் ஒரு கால பின்னால எடுத்தா. மச்சான், நிறுத்துங்க. என்ன எழுதுறீங்களோ, அத நிறுத்துங்க."

வாக்கியத்தை அடித்தேன். நான்கு கோடு போட்டு அடித்தேன். அடித்த வாக்கியத்தையும் படிக்க முடிகிறது.

முடிவுகளை யோசித்தேன்.

(அ) அவள் மெல்ல இறங்கி வருகிறாள் — இதை எழுத, ஒவ்வொரு படியாகப் பார்த்தாக வேண்டும்.

(ஆ) தங்கை கதவைத் திறந்து உள்ளே வந்து — முதலில் எதைப் பார்ப்பாள்?

(இ) இதெல்லாம் ஓர் எழுத்தாளனின் கற்ப — இல்லை. மாப்பிள்ளை மூச்சு விடுவது காதில் கேட்கிறது.

அப்போதுதான் தோன்றியது. "மாப்பிள்ள, கல்லப் பாக்காதேன்னுதானே சொல்லிக்குடுப்பீங்க? புள்ள கல்லு இல்லையே. உங்களுக்கு வேண்டியது அவதானே! அவளையே பாருங்க. அவ மூஞ்சிய பாருங்க."

அழுகிறார் என்று தெரிந்தது. அடக்கி அடக்கி அழுதார்.

"மூணு மாசமா விரிப்பையும் அவ முதுகையும்தான் பாத்தேன், அவ மூஞ்சிய பாக்கல மச்சான்" என்றார். "நெனச்சுப் பாக்குறேன், வர மாட்டேங்குது. நான் பாக்குற பக்கம்தானே அவ வருவா, இங்கேருந்து முதுகுதான் தெரியுது. அவ திரும்பணும்னா நான் அவ மூஞ்சிய மனசுலயாவது பாக்கணும். நீங்க எழுதறவருதானே? சொல்லுங்க. என் புள்ளயோட மூஞ்சி எப்பிடி இருக்கும்?"

6

எழுதிய தாள்களைப் புரட்டினேன். நீலச் சட்டை இருக்கிறது. கழுத்து முடி இருக்கிறது. படிகளின் எண்ணிக்கை இருக்கிறது, விளிம்பின் தேய்மானம்கூட இருக்கிறது. குழந்தையின் முகம் எங்கேயும் இல்லை. நெற்றி இடிபட்டதை எழுதியிருக்கிறேன். அது எப்படிப்பட்ட நெற்றி என்று எழுதவில்லை. அவள் பிறந்த நாளிலிருந்து பார்க்கிறவன் நான். கதைக்கு உதவுவதை மட்டும் பார்த்திருக்கிறேன். அதைவிடக் கேவலம் எனக்கு வேறில்லை.

"அவளுடைய கண்கள்" என்று தொடங்கினேன். பேனா அதற்கு மேல் நகரவில்லை.

ஆகவே நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். மாப்பிள்ளையும் மூடிக்கொண்டதாகச் சொல்கிறார். கைப்பேசி இன்னும் காதில் இருக்கிறது. இந்த நிமிடம் அந்த வீட்டுக்குள் திறந்திருப்பவை உங்கள் கண்கள் மட்டும்தான். தயவுசெய்து படிக்கட்டைப் பார்க்காதீர்கள். முதலில் அவளுக்கு ஒரு முகம் வேண்டும், அப்போதுதான் திரும்புவாள். நன்றாகத் தெரிந்த, நீங்கள் நினைத்த மாத்திரத்தில் வந்து நிற்கிற ஒரு குழந்தையின் முகத்தை அவளுக்குக் கொடுங்கள்.

யாருடைய முகம் என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.