மூன்று துடுப்பு யாருக்கு

விவாகரத்தில் எல்லாவற்றையும் பிரித்தாகிவிட்டது. வீட்டை விற்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். படகு லெஸ்டருக்கு. நாய் டோரீனுக்கு, அது அவள் பேச்சைத்தான் கேட்கும். கல்யாணத்துக்கு வந்த வெள்ளிக் கரண்டிகளைக்கூட வக்கீல்கள் ஒன்று விடாமல் பங்கு போட்டார்கள். ஆனால் ‘மூன்று துடுப்பு’ யாருக்கு என்று எந்த வக்கீலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் டோரீன் கரண்டிகளை மொத்தமாக விட்டுக்கொடுத்திருப்பாள்.

மூன்று துடுப்பு, துறைமுகத்தை ஒட்டிய கல் பாவிய சந்தில் இருக்கும் பழைய பார். பால்டிமோரில் அதைவிடப் பழையது கிடையாது என்று அங்கே பியர் ஊற்றும் ஓடெல் சொல்வார். அடுத்த தெருக்காரர்களும் தங்கள் பாரைப் பற்றி அதையேதான் சொல்வார்கள். உத்தரம் தாழ்வாக இருக்கும். உயரமானவர்கள் கழிவறைக்குப் போகும்போது குனிந்து போவார்கள். மூன்றாவது பியருக்குப் பிறகு மறந்துபோய் இடித்துக்கொள்வார்கள். பியர் வைத்துக் குடிக்கும் நீண்ட மர மேடை போய்ச் சுவரில் முட்டும் மூலையில் இரண்டு உயர நாற்காலிகள். கல்யாணமான புதிதிலிருந்து அவை டோரீனுடையவை, லெஸ்டருடையவை.

பிரிந்த பிறகு இருவரும் தனித்தனியே வந்து, ஒருவரை ஒருவர் பார்த்ததும் வாசலோடு திரும்பிப் போனார்கள். மறுபடியும் அப்படி நடந்தபோது ஓடெலுக்குப் பொறுக்கவில்லை. கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம் இருவரையும் கூப்பிட்டு, குவளைகளைத் துடைத்தபடியே தீர்ப்புச் சொன்னார்.

“செவ்வாயும் வியாழனும் டோரீன். புதனும் சனியும் லெஸ்டர். மத்த நாள்ல ரெண்டு பேரையும் இங்க பாக்கக் கூடாது. சரியா?”

“சனிக்கிழமை எனக்கு வரும்னு நெனச்சேன்” என்றாள் டோரீன்.

“அப்ப வியாழக்கிழமையக் குடுத்துடு, கண்ணு.”

அவள் கொடுக்கவில்லை. வியாழக்கிழமைதான் பெனீத்தா அடுப்பில் நிற்பாள். மற்ற நாளெல்லாம் அவளுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. விடுப்பு கிடைக்கும் அந்த ஒரு நாள் சாயங்காலம் இங்கே வந்து பர்கர் போடுவாள். அவள் இல்லாத நாளில் நண்டு சூப்பும் பொரித்த மீனும்தான். பெனீத்தா மாட்டிறைச்சியை உருட்டிக் காய்ந்த இரும்புக் கல்லில் போட்டு, கரண்டியின் முதுகால் ஒரே அழுத்தாக அழுத்துவாள். ஓரமெல்லாம் கருகி மொறுமொறுப்பாகும். நடுவில் சாறு நிற்கும். வெங்காயத்தை அந்தக் கொழுப்பிலேயே வதக்குவாள், பன்னை அந்தக் கொழுப்பிலேயே சிவக்க வைப்பாள். மேலே ஒரு மஞ்சள் சீஸ். பக்கத்தில் நண்டுக்குப் போடும் சிவப்பு மசாலா தூவிய உருளைக்கிழங்கு வறுவல். அதற்கு மேல் அலங்காரம் எதுவும் கிடையாது.

ஆக, லெஸ்டருக்குச் சனிக்கிழமை பேஸ்பால் ஆட்டம், டோரீனுக்கு வியாழக்கிழமை பர்கர். பேரம் நியாயமாகத்தான் இருந்தது.

முதல் சில வாரங்கள் ஆட்கள் அவளிடம் “லெஸ்டர் எங்க?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். பிறகு கேட்பதை விட்டார்கள். ஒரு வியாழக்கிழமை அவள் கதவைத் திறந்ததுமே ஓடெல் ஒரு குவளையை எடுத்துக் குழாயடியில் பிடித்தார். வழக்கமாக இரண்டை எடுப்பார். அன்று அவர் கை இன்னொன்றைத் தேடவில்லை. மூலையில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து அதைக் குடித்தபோது, தன்னிடம் பாதியாகாமல் முழுசாக இருப்பது இந்தச் சாயங்காலம் ஒன்றுதான் என்று டோரீனுக்குத் தோன்றியது. பகலெல்லாம் மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி இரத்தம் எடுப்பவள் அவள். வியாழன் மத்தியானத்திலிருந்தே அவள் கை கொஞ்சம் மென்மையாகிவிடும் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்வார்கள்.

அடுத்த வசந்தத்தில் ஆஸ்பத்திரியில் பெனீத்தாவின் விடுப்பு நாளை மாற்றினார்கள்.

“புதனா?” என்றாள் டோரீன்.

“புதன்தான். நான் என்ன பண்றது கண்ணு, ஆஸ்பத்திரிய நானா நடத்தறேன்?” என்றார் ஓடெல்.

மேடையின் நடுவில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் இர்வின், இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர், சந்தோஷமாகத் திரும்பினார். “புதன் லெஸ்டரோடதாச்சே! போச்சு போ. இனிமே நீ சூப்பக் குடிச்சிட்டு வாசனை புடிச்சிட்டு இருக்க வேண்டியதுதான்.”

“வாசனை வியாழக்கிழமை வரைக்கும் நிக்காது, இர்வின்.”

“என் சட்டைல நிக்கும். வேணும்னா மோந்து பாத்துக்க.”

அன்று இரவே அவள் லெஸ்டருக்குப் போன் செய்தாள். அவன் பெருந்தன்மையாகவே பேசினான். அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

“நாம நாளத்தான பிரிச்சோம், டோர்? பர்கரயா பிரிச்சோம்?”

“சனிக்கிழமைய உனக்கு விட்டதே அந்த பர்கருக்காகத்தான்.”

“வியாழக்கிழமைய நீயே வெச்சுக்க. நான் ஒண்ணும் சொல்லலியே.”

“அத வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?”

“சூப் நல்லாத்தான இருக்கும்?” என்றான் லெஸ்டர்.

ஊரில் வேறு பார் இல்லாமலா போயிற்று என்று டோரீன் அக்கம்பக்கத்துத் தெருக்களில் ஏறி இறங்கினாள். ஒன்றில் பர்கர் ஒரு முழ உயரம். சாயாமல் இருக்க நடுவில் குச்சி குத்தியிருந்தார்கள். குச்சியை உருவியதும் அது சரிந்து மடியில் விழுந்தது. பன்னோ கேக் போல இனித்தது. இன்னொன்றில் எந்தத் தளபதி எந்த மேசையில் தூங்கினார் என்று சுவரெல்லாம் பலகை அடித்திருந்தார்கள். சுற்றுலாக்காரர்கள் அவள் தலைக்கு மேலே கேமராவை நீட்டிப் படம் எடுத்தார்கள். மூன்றாவது நல்ல இடம். செங்கல் கணப்பு, அளவான வெளிச்சம், நாக்கில் கரையும் இறைச்சி. அதைக் குறை சொல்ல அவளுக்கே மனம் வரவில்லை. ஆனால் அங்கே ஒரு பையன் இரண்டு வாய்க்கு ஒருமுறை வந்து, “எல்லாம் பிடிச்சிருக்குங்களா? நீங்க மட்டும்தானா?” என்று கேட்டான். மட்டும்தான் என்று அவள் சொன்னாள். அவன் எதிரிலிருந்த தட்டையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு போனான். அதற்கு அடுத்த வாரம் அவள் அங்கே போகவில்லை.

புதன்கிழமை வந்தது. அவள் மூன்று துடுப்பின் கதவைத் தள்ளினாள்.

வெங்காயம் வதங்கும் வாசனை முகத்தில் அடித்தது. மூலையில், சுவர் ஓர நாற்காலிக்கு நேரே பாதி குடித்த பியர். குவளையின் வாயை, அடியில் வைக்கும் அட்டையால் மூடி வைத்திருந்தது. ஆள் திரும்பி வருவார், நாற்காலியைத் தொடாதே என்று அர்த்தம். பின்வாசலில் நின்று லெஸ்டர் புகை பிடித்துக்கொண்டிருப்பான். டோரீன் அந்த அட்டையைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு பக்கத்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

“இன்னைக்கு என்ன கிழமை தெரியுமா, கண்ணு?” என்றார் ஓடெல் தாழ்ந்த குரலில்.

“தெரியும். எனக்கு ஒரு பர்கர்.”

ஓடெல் பெருமூச்சு விட்டுவிட்டு, சமையலறை ஜன்னல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

லெஸ்டர் வந்தான். மெலிந்திருந்தான். அவளைப் பார்த்ததும் முகத்தில் கோபம் வரவில்லை, சங்கடம்தான் வந்தது. நாற்காலியில் ஏறி, குவளையின் மேலிருந்த அட்டையை எடுத்துக் கீழே வைத்தான்.

“புதன்கிழமை” என்றான்.

“ம்.”

“சரி, வந்துட்ட. இன்னைக்கு ஒரு நாள் பரவால்ல.”

“ஒரு நாளுக்காக நான் வரல, லெஸ்.”

இர்வின் டிவியைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்துகொண்டு அதன் சத்தத்தைக் குறைத்தார்.

சமையலறை ஜன்னலின் பலகை மேலே போனது. பெனீத்தாவின் முகம் ஒரு கணம் தெரிந்தது. மூலையில் இருவரையும் பார்த்தாள். சற்று நேரத்தில் இரண்டு தட்டுகள் வந்தன. ஒரே பர்கர், நடுவில் வெட்டி, தட்டுக்குப் பாதி. வறுவல் முழுவதும் டோரீன் பக்கம். ஊறுகாய் வெள்ளரி முழுவதும் லெஸ்டர் பக்கம். அத்தனை வருடமும் அவர்கள் அப்படித்தான் சாப்பிட்டார்கள். விவாகரத்து பெனீத்தாவுக்குத் தெரியும். இருவரையும் சேர்ந்தாற்போல் பார்த்ததும் அவள் கைக்குத்தான் அது மறந்துவிட்டது.

லெஸ்டர் தன் பாதியை எடுத்து ஒரு கடி கடித்தான். “சாப்பிடு, ஆறிடும்” என்றான் வாய் நிறைய.

டோரீன் தொடவில்லை. வெட்டிய பக்கத்திலிருந்து சாறு இறங்கித் தட்டில் படிந்தது. அவளுக்கு நல்ல பசி. கை நீட்டினால் முடிந்தது. அப்புறம் எல்லாப் புதனும் இப்படியே போகும். ஓடெல் இரண்டு குவளையை எடுப்பார். ஆட்கள் அவள் பெயரோடு சேர்த்து இன்னொரு பெயரையும் சொல்வார்கள்.

“ஓடெல், நான் முழுசு கேட்டேன்” என்றாள்.

“உன்னால முழுசு சாப்பிட முடியாதே” என்றான் லெஸ்டர். அவன் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே ஞாபகப்படுத்தினான்.

“ஒரு வருஷமா சாப்பிட்டிட்டிருக்கேன்.”

“முழுசா?”

“வறுவலோட.”

அவன் மெல்லுவதை நிறுத்தினான். நீதிமன்றத்தில் அவன் முகம் இப்படி ஆனதில்லை. ஓடெலைப் பார்த்தான். ஓடெல் தலையை ஆட்டினார்.

“சில நாள் அதுக்கு மேல சூப்பும்” என்றார் இர்வின்.

“உன்ன யாராவது கேட்டாங்களா?” என்றார் ஓடெல்.

டோரீன் தன் தட்டை லெஸ்டர் பக்கம் நகர்த்தினாள். “கேளு. புதன்கிழமை உனக்கும் இருக்கட்டும், எனக்கும் இருக்கட்டும். ஆனா இந்த மூலை எனக்கு. நீ ஜன்னல் ஓரம் போய்க்க.”

“நான் எதுக்குப் போகணும்? இது என் நாள்.”

“இங்கேருந்து டிவி பாக்க கழுத்தத் திருப்பித் திருப்பி, ராத்திரியெல்லாம் தைலம் தேய்க்கச் சொன்னது யாரு? நானா?”

லெஸ்டர் டிவியைப் பார்த்தான். பிறகு ஜன்னல் ஓரத்து நாற்காலியைப் பார்த்தான். அங்கிருந்து திரை நேராகத் தெரியும். அவன் மூலையில் உட்கார்ந்ததே அவளுக்குச் சுவரில் சாயப் பிடிக்கும் என்பதால்தான். அந்தக் காரணம் தீர்ந்துபோய் ஒரு வருடமாகியும், மூலையை விட்டு மாற வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

“பேசணும்னு இல்லையே?” என்றான்.

“இல்ல.”

“வந்ததும் ஒரு தலையாட்டல்?”

“அது ஆட்டிக்கலாம்.”

அவன் இரண்டு பாதிகளையும் ஒரே தட்டில் சேர்த்து வைத்தான். அதை ஒரு கையிலும் பியரை மறுகையிலும் எடுத்துக்கொண்டு மேடையின் நீளத்துக்கு நடந்தான். வழியில் யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். டோரீன் இறங்கி, சுவர் ஓர நாற்காலிக்கு மாறினாள். இருக்கை இன்னும் சூடாக இருந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. கோட்டைக் கழற்றி மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள்.

“அப்ப வியாழக்கிழமைய என்ன பண்றது?” என்றார் ஓடெல்.

“எனக்குக் குடு” என்றார் இர்வின்.

“நீ தெனமும் இங்கதான கெடக்க.”

“இருந்தாலும், என் பேர்ல ஒண்ணு இருந்தா ஒரு மரியாதைதான?”

பெனீத்தா இந்த முறை பலகையைத் தூக்கவில்லை. கையில் தட்டோடு அவளே வெளியே வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. “தனித்தனின்னு முன்னாடியே ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நல்ல பர்கர வெட்டி வீணாக்கிட்டேன்” என்று அதட்டிவிட்டு, முழுசைத் தட்டென்று வைத்தாள். ஓரத்தில் ஊறுகாய் வெள்ளரியும் இருந்தது. டோரீனுக்கு அது பிடிக்காது என்று பெனீத்தாவுக்குத் தெரியாது. அதுவரை அது அவள் தட்டுக்கு வந்ததே இல்லை; அவள் தனியாக வந்த வியாழக்கிழமைகளிலும் பெனீத்தாவின் கை பழக்கத்தில் வறுவலை மட்டும்தான் வைத்தது. டோரீன் ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். புளிப்பு. மீதியைத் தட்டோரமாக ஒதுக்கினாள்.

டிவியில் யாரோ பந்தை வேலிக்கு அப்பால் அடித்தார்கள். பார் முழுவதும் ஒரே கூச்சல். ஜன்னல் ஓரத்தில் லெஸ்டர் பழக்கத்தில் இடது பக்கம் திரும்பி, “பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல?” என்றான். அங்கே மழைக்கோட்டுப் போட்ட, முன்பின் தெரியாத ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான்.

“நீங்க எங்க சொன்னீங்க?” என்றான் அந்த ஆள்.

லெஸ்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, போன வாரத்து ஆட்டத்திலிருந்து சொல்லத் தொடங்கினான். டோரீன் இரண்டு கைகளாலும் பர்கரைத் தூக்கினாள்.