டிரசர் ஐயாவுக்குச் சொல்ல வேண்டியது

செத்துப்போன மனிதரிடம் போய் யாராவது மருந்து கேட்பார்களா? ரிங்லெட் டவுனுக்கு மேலே, மலையில் இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கேட்டார்கள். கேட்டது மட்டுமா, அவர் சொன்னதை அப்படியே செய்தார்கள். உயிரோடு ஒருத்தி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தது யார் கண்ணுக்கும் படவில்லை.

அந்த ஒருத்தி சசிரேகா. தைப்பிங்கில் பிறந்து, ஈப்போவில் நர்ஸ் படிப்பு முடித்து, தோட்டத்துக் கிளினிக்குக்கு வந்து இரண்டாவது வருஷம். எல்லாருக்கும் அவள் மிஸ்ஸி. மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஊசி என்றால் கையை நீட்டுவார்கள், கட்டு என்றால் காலை நீட்டுவார்கள். மாத்திரை என்று வந்துவிட்டால் மட்டும், "நாளைக்கு வந்து வாங்கிக்கிறோம் மிஸ்ஸி" என்று எழுந்து போய்விடுவார்கள். தூங்கி எழ வேண்டுமே! கனவில் தங்கராஜு வந்து என்ன சொல்கிறார் என்று பார்க்க வேண்டுமே!

தங்கராஜு அவளுக்கு முன்னால் அங்கே டிரசராக இருந்தவர். டாக்டர்கள் மலையேறி வராத இடத்தில் டாக்டரும் அவரே, கம்பவுண்டரும் அவரே. கொரோனா வந்த வருஷம் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு தொழிலாளர் லயன் வீடுகளுக்கு வரிசை வரிசையாகப் போய் மருந்து கொடுத்தவர், கடைசியில் அதே நோயில் போய்ச் சேர்ந்தார். பிளாஸ்டிக்கில் சுற்றி எடுத்துப் போனார்கள். முகத்தைக்கூட யாரும் பார்க்கவில்லை. வாய்க்கரிசி போடவில்லை, மாரடித்து அழவில்லை. முகம் பார்த்து அனுப்பாத ஆள் எப்படிப் போவார்? அவர் போகவில்லை என்றுதான் தோட்டமே சொன்னது.

முதல் கனவு யாருக்கு வந்தது என்பதில் சண்டை உண்டு. காய்ச்சல்காரர்களுக்கு வருவார், காய்ச்சல்காரப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு வருவார். அதே மழைக்கோட்டு, அதே டார்ச் லைட்டு. "மூணு நாளு கஞ்சி குடு", "வெள்ள மாத்திர ரெண்டு போடு", இவ்வளவுதான் பேச்சு. விடிந்ததும் சசிரேகாவிடம் வந்து அதையே கேட்டு வாங்குவார்கள்.

"இது ஆஸ்பத்திரியா, சாமியாடுற இடமா?" என்று அவள் ஒருநாள் வேன் டிரைவர் காளியண்ணனிடம் வெடித்தாள். அவர் தினமும் காலையில் வைக்கிற மாதிரியே, ஜன்னலோரம் இருந்த பிரம்பு நாற்காலிக்கு முன்னால் ஒரு தேத்தண்ணிக் கோப்பையை வைத்துச் சாசரால் மூடினார். அது தங்கராஜுவின் நாற்காலி. அதில் யாரும் உட்காருவதில்லை. சசிரேகாவும் உட்கார்ந்ததில்லை, ஏனென்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கிளினிக்கில் போனுக்கு லைன் கிடைப்பது அந்த ஒரே ஜன்னலோரம்தான். ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரி நூலகத்திலிருந்து அவளுக்கு மாதா மாதம் மருத்துவ ஆராய்ச்சிகளின் சுருக்கம் ஒன்று போனில் வரும். எந்த நோயைப் புதிதாக எப்படி ஆராய்ந்தார்கள், இத்தனை நாள் சரி என்று நினைத்த எது தப்பாகப் போனது, எதற்குப் பதிலாக எதைக் கொடுக்கலாம் என்று இருக்கும். வாய்விட்டுப் படித்தால்தான் அவளுக்கு மண்டையில் ஏறும், பள்ளிக்கூடத்துப் பழக்கம். ஆகவே பிற்பகலில், கூட்டம் கலைந்து பனி வந்து கண்ணாடியை மூடிய பிறகு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாள். ஆங்கிலத்தில் படித்துவிட்டு, தனக்குப் புரிந்ததா என்று பார்க்கத் தமிழில் ஒருதரம் சொல்லிக்கொள்வாள்.

ஒருநாள் அலுப்பில் ஒரு பத்தியைத் தாண்டிப் படித்தாள். நாற்காலி கிரீச்சென்றது. யாரோ முன்னால் சாய்ந்து, "அத ஏன் விட்ட?" என்று கேட்கிற மாதிரி இருந்தது. பிரம்பு ஈரத்தில் அப்படித்தான் சத்தம் போடும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் விட்ட பத்தியைத் திரும்பப் படித்தாள். அதற்குப் பிறகு எதையும் தாண்டவில்லை. உள்ளூரப் பயம்தான், வேறென்ன?

ஐப்பசி மழை விடாமல் கொட்டிய ஒரு நாள், குமுதா தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குமுதா மேல் லயனில் இருப்பவள், கத்திரியால் தேயிலை வெட்டுகிறவள். மகள் யுவனேஸ்வரிக்கு ஆறு வயசு. உடம்பு அனலாகக் கொதித்தது, கண் சிவந்து செருகியிருந்தது. கேட்டால், காய்ச்சல் வந்து நாலைந்து நாளாகிறதாம்.

"இத்தன நாளு ஏங்க்கா தூக்கிட்டு வரல?"

"டிரசர் ஐயா வந்து மூணு நாளு கஞ்சி குடுக்கச் சொன்னாரு மிஸ்ஸி. குடுத்தேன். அப்புறம் நேத்து வரவே இல்ல அவரு. அதான் பயந்து போயி தூக்கிட்டு வந்துட்டேன்."

சசிரேகா பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளையின் உடுப்பைக் கழற்றித் தேடினாள். இடுப்பில், ரப்பர் நாடா அழுத்துகிற இடத்தில், சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. உண்ணிக் காய்ச்சல். புல்லிலும் செடியிலும் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருவது. விட்டால் நுரையீரலுக்குப் போகும், மூளைக்குப் போகும்.

ஜன்னலோரம் ஓடி, டவுன் ஆஸ்பத்திரி டாக்டரைப் போனில் பிடித்தாள். கீழ்ச்சாலையில் மண்சரிந்து லோரியெல்லாம் நிற்கிறது, ஆம்புலன்ஸ் வருவதற்குப் பொழுது சாய்ந்துவிடும் என்றார் டாக்டர். "மூச்சு வாங்குதா? அப்ப காத்திருக்காதீங்க. மாத்திரையை இப்பவே ஆரம்பிங்க." பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வேறொரு சிரப் உண்டு. அது தீர்ந்து, புதுச் சரக்கும் அந்த மண்சரிவுக்குக் கீழேதான் நின்றது. அலமாரியில் இருந்தது டாக்சிசைக்ளின் ஒன்றுதான்.

அவள் மாத்திரையைப் பொடித்து ஸ்ட்ராபெரி ஜாமில் குழைத்தாள். குமுதா அதன் அட்டையைப் பார்த்துவிட்டாள். பிள்ளையின் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

"இது பல்லு பழுப்பாகிற மாத்திரதானே? டிரசர் ஐயா எங்க எல்லாருக்கும் காட்டியிருக்காரு. புள்ளைங்களுக்குக் குடுக்கவே கூடாது. வேணாம்லா மிஸ்ஸி."

"அது பழைய கதக்கா. இந்தக் காய்ச்சலுக்குக் கொஞ்ச நாளு குடுத்தா பல்லுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஆராய்ச்சி பண்ணிப் பாத்துட்டாங்க. குடுக்கலன்னாதான் ஆபத்து."

"நீங்க நேத்து வந்தவங்க. அவரு சொந்த மகளுக்கே குடுக்கல, தெரியுமா?"

சசிரேகாவுக்குத் தெரியாது. குமுதா பிள்ளையை இறுக்கிக்கொண்டே சொன்னாள். தங்கராஜுவுக்கு ரொம்பக் காலம் கழித்துப் பிறந்த மகள், கங்கா. ஏழு வயசில் இதே காய்ச்சல், இதே கறுப்புப் பொருக்கு. அன்றும் சாலை அடைத்திருந்தது. மாத்திரை அவர் கைக்கெட்டும் அலமாரியில் இருந்தது. "ஊருப் புள்ளைங்களுக்கு ஒரு நியாயம், எம் மகளுக்கு ஒரு நியாயமா? புத்தகத்துல கூடாதுன்னு போட்டிருக்கு" என்று அவர் தொடவில்லை. சாலை திறந்து டவுனுக்குக் கொண்டுபோன வழியிலேயே கங்கா போய்விட்டாள்.

"பெத்த புள்ள சாகுறப்பகூட வார்த்த மாறாத மனுசன் மிஸ்ஸி அவரு. அவரு பேச்ச மீறி நான் குடுப்பேனா?"

அடக் கடவுளே!  அந்த மனிதரின் மகள் செத்ததையே அத்தாட்சியாக வைத்து இன்னொரு பிள்ளையைச் சாகக் கொடுக்கிறார்கள். சசிரேகா கெஞ்சினாள், திட்டினாள், காளியண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். குமுதா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அவரு வந்து சொல்லட்டும். குடுக்கிறேன்."

சொல்லிவிட்டுப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். நாலைந்து ராத்திரி சரியாகத் தூங்காதவள். மழைச் சத்தத்தில் அவளை அறியாமல் கண் சொருகியது.

சசிரேகாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. போனை எடுத்துக்கொண்டு பிரம்பு நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள்.

"கேளுங்க ஐயா. நல்லாக் கேளுங்க. அன்னிக்கு நான் தாண்டிப் படிச்ச பத்தி இல்ல இது, அதுக்கும் முன்னாடி வந்தது. எனக்கு முன்னாடியே தெரியும்கிறதால உங்களுக்குப் படிச்சுக் காட்டல."

பழைய செய்திகளைத் தள்ளித் தள்ளி அதைக் கண்டுபிடித்தாள். மாத்திரை சாப்பிட்ட சின்னப் பிள்ளைகளைப் பல வருஷம் கழித்துக் கூப்பிட்டு, சாப்பிடாத பிள்ளைகளோடு வைத்துப் பல் டாக்டர்கள் பல்லைப் பார்த்தார்கள். கறை இல்லை. கறை வந்தது அதே குடும்பத்து வேறொரு பழைய மருந்தால், அந்தப் பழியை இதன் தலையிலும் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள்.  "இந்தக் காய்ச்சல் என்று சந்தேகம் வந்தாலே, எந்த வயதுப் பிள்ளைக்கும் உடனே தொடங்க வேண்டும்" என்ற வரியை இரண்டு முறை சொன்னாள்.

நாற்காலி கிரீச்சிடவில்லை. ஜன்னல் கண்ணாடியில் மட்டும், உள்பக்கம், யாரோ மூச்சு விட்ட மாதிரி வட்டமாக ஆவி படிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பெரிதானது. காளியண்ணனும் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் செருப்பைக்கூடப் போடாமல் மழையில் இறங்கிப் போய்விட்டார்.

"மிஸ்ஸி."

குமுதா விழித்திருந்தாள். முகம் வெளுத்துக் கிடந்தது. கையை நீட்டினாள். "குடுங்க. குடுக்கச் சொல்லிட்டாரு."

சசிரேகா வேறெதுவும் கேட்கவில்லை. கரண்டியை எடுத்து யுவனேஸ்வரியின் வாயில் வைத்தாள். பிள்ளை ஜாமை நக்கியது. இருட்டுகிற நேரத்தில் ஆம்புலன்ஸ் சேற்றில் வழுக்கியபடி வந்து சேர்ந்தது.

பிள்ளை பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கிப் பொரித்த கோழி கேட்டாளாம். ஊர் திரும்பிய குமுதா ஒரு கூடை பூக்கோசோடு கிளினிக்குக்கு வந்தாள். கூடையை வைத்த பிறகும் போகாமல், கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"அன்னிக்கு முழுசாச் சொல்லல மிஸ்ஸி. ஐயா மழைக்கோட்டு இல்லாம வந்தாரு. அழுதாரு. அவரு அழுது நான் பாத்ததே இல்ல, கங்கா செத்தப்பக்கூட. 'குடு'ன்னு சொல்லிட்டு, உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாரு."

"என்னக்கா?"

"இது எப்பத் தெரிஞ்சதுன்னு கேக்கச் சொன்னாரு."

குமுதா போன பிறகு சசிரேகா போனில் அந்த ஆராய்ச்சியின் வருஷத்தைத் தேடிப் பார்த்தாள். பிறகு காளியண்ணனிடம் கங்கா செத்த வருஷத்தைக் கேட்டாள். அவர் சொன்னதும் இரண்டையும் ஒப்பிட்டாள். ஆராய்ச்சி முந்தியது. கங்கா செத்தபோது அது வெளிவந்து வருஷக் கணக்காகியிருந்தது. அதை மலைக்கு ஏற்றிக் கொண்டுவரத்தான் ஆளில்லை.

"அவரு வாரா வாரம் ஆபீஸ்ல போயி, எனக்கு மருந்து விஷயமா ஏதும் புதுசா வந்திருக்கான்னு கேப்பாரும்மா" என்றார் காளியண்ணன். "ஒண்ணும் வராது. கணக்கெழுதுற கிராணி சிரிப்பாரு." நாற்காலியை ஒருதரம் பார்த்துவிட்டு, "பொய் சொல்லிடுங்க மிஸ்ஸி. போன வருசந்தான் கண்டுபுடிச்சாங்கன்னு சொல்லிடுங்க. செத்தவருதானே, பொழச்சுப் போகட்டும்" என்றார்.

அவளும் பொய் சொல்லத்தான் நினைத்தாள். நாற்காலிக்கு முன்னால் போய் நின்று வாயையும் திறந்தாள். ஆனால் அவள் படித்துச் சொல்வதை நம்பித்தானே இனி அவர் கனவில் வீடு வீடாகப் போகப் போகிறார்? இதில் பொய் சொல்லிவிட்டு மற்றதை எந்த வாயால் படிப்பது?

"கங்காவுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தது ஐயா" என்றாள். "உங்களுக்கு யாரும் சொல்லல."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சத்தமே இல்லாமல் கிடந்தது நாற்காலி.

அன்றைக்குப் பிறகு தோட்டத்தில் யார் கனவிலும் டிரசர் வரவில்லை. காய்ச்சல் வந்தது, சளி வந்தது, அவர் வரவில்லை. "நீங்க என்னமோ பேசி ஐயாவ வெரட்டிட்டீங்க" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். சசிரேகா ஜன்னல் பக்கம் போவதையே விட்டாள். மாதச் சுருக்கம் வந்தது, அடுத்ததும் வந்தது. திறக்கவில்லை. யாருக்காகப் படிப்பது என்று இருந்தது அவளுக்கு. காளியண்ணன் வைக்கிற தேத்தண்ணி ஆடை கட்டி அப்படியே கிடந்தது.

தை பிறந்த பிறகு ஒரு பிற்பகலில், கீழ் லயன் இராசம்மா இருமிக்கொண்டே உள்ளே வந்தாள். முக்காட்டை எடுக்காமல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நேத்து டிரசர் ஐயா வந்தாரு மிஸ்ஸி."

சசிரேகாவின் கை அப்படியே நின்றது. "என்ன மருந்து சொன்னாரு?"

"மருந்தே சொல்லல. மழையில வாசல்லயே நின்னாரு. உள்ள வாங்கன்னேன், வரல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. 'மிஸ்ஸி இந்த மாசம் படிச்சுட்டாங்களா?' எனக்கென்ன தெரியும்? இன்னிக்கு ராத்திரியும் வருவாரு. என்னன்னு சொல்ல?"

சசிரேகா எழுந்து நின்றாள். 

"இத்தன நாளு படிக்கலன்னு சொல்லுங்கக்கா. இன்னிக்குப் படிச்சுட்டாங்கன்னு சொல்லுங்க."

ஸ்டூலை இழுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். பனி வந்துகொண்டிருந்தது. திறக்காமல் கிடந்ததில் பழையதை முதலில் திறந்தாள். தலைப்பைப் படிப்பதற்கு முன்னால், நாற்காலியைப் பார்த்து, அதிலிருந்த ஆராய்ச்சி எந்த வருஷம் வெளிவந்தது என்பதை வாய்விட்டுப் படித்தாள்.